சொகுசுக் கார் விபத்தும் இழப்பீட்டுச் சட்டமும்: ஒரு வரலாறு

கோடி ரூபாய் விலையுள்ள சொகுசுக் கார் ஒன்று பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையில் நடந்து செல்பவர் மீது மோதி, அவர் இறந்துவிடுகிறார் என்று கொள்வோம். அவரது குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டுக்கும் அந்தக் காரின் விலைக்கும் தொடர்பில்லை. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பி வாழ்ந்தோரின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டே தொகை கணக்கிடப்படுகிறது. பாதிக்கப்பட்டவர் ஏழையாக இருந்தால் தொகையும் சிறுத்துவிடும்.

தொடக்கம்

விபத்தில் இறந்தவரின் குடும்பத்தார் வழக்குத் தொடர, 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டம் வழிசெய்தது. ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டதே அதற்கு அடுத்த ஆண்டுதான். ஆனால் உரிமையியல் நீதிமன்றத்தில் முத்திரைக் கட்டணம் செலுத்தி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க எளியவர்களால் முடியவில்லை. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 1946 சூலை 1 அன்று. தனித் தீர்ப்பாயங்களுக்கு வழிவகுத்தது 1956ஆம் ஆண்டுத் திருத்தம். சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்ற நீதிபதிகளே இத்தீர்ப்பாயங்களாகவும் அமர்கின்றனர்.

ஓட்டுநரின் தவற்றை நிரூபித்தாக வேண்டும் என்ற சுமை 1982 வரை முழுமையாக இருந்தது. அவ்வாண்டுத் திருத்தம், தவறு யாருடையதாயினும் உயிரிழப்புக்கு 15,000 ரூபாய் என்று வகுத்தது.

சம்பளச் சீட்டு இல்லாதவர்

2009ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பும் 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பும் இன்றைய கணக்கீட்டுக்கு அடிப்படை. 32 வயதில் இறந்த ஒருவரின் வருமானத்தை 16 ஆண்டுகளுக்குப் பெருக்குகிறார்கள். அதற்கு முன், எதிர்கால ஊதிய உயர்வுக்காக நிரந்தரப் பணியாளருக்கு 50 விழுக்காடும், சுயதொழில் செய்பவருக்கு 40 விழுக்காடும் கூட்டப்படும். நம்பியிருப்போர் நால்வர் முதல் அறுவர் என்றால், இறந்தவரின் சொந்தச் செலவாகக் கால் பங்கு கழியும்.

பெரம்பூரில் 1955 முதல் இயங்கும் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் மாதம் 40,000 ரூபாய் வாங்கும் 32 வயது ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வருமான வரியைக் கருதாவிட்டால், அவர் குடும்பத்துக்கு 86,40,000 ரூபாய் வரும். அதே தெருவில் வசிக்கும் அதே வயதுடைய, காசிமேட்டில் மீன் கூடை இறக்கும் ஒருவருக்கு நீதிமன்றம் 12,000 ரூபாயை உத்தேச வருமானமாக எடுத்தால், 24,19,200 ரூபாய். இரண்டு வீட்டிலும் பிள்ளைகளின் பசி ஒன்றுதான். இரண்டாமவரிடம் தாள் இல்லை, அவ்வளவே.

இந்த இடத்தில் 2011ஆம் ஆண்டின் ராமச்சந்திரப்பா வழக்கு முக்கியமானது. கூலித் தொழிலாளி ஒருவர் தன் மாத வருமானம் 4,500 ரூபாய் என்றார். சான்று இல்லையென்று தீர்ப்பாயம் அதை 3,000 ஆகக் குறைத்தது. அமைப்புசாராத் தொழிலாளியிடம் ஆவணம் எதிர்பார்க்க முடியாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 4,500 ரூபாயையே ஏற்றது.

காருக்கு வேறு கணக்கு

காரின் சேதம் தனிக் காப்பீட்டில் வருவது. 2007 திசம்பரில் தில்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் மோதித் தீப்பிடித்தது. ஓட்டியவர் மது அருந்தியிருந்தார் என்று இஃப்கோ டோக்கியோ நிறுவனம் பணம் தர மறுத்தது. இரத்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. எனினும் சூழ்நிலைச் சான்றுகளே போதும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது.

மூன்றாம் நபர் காப்பீட்டில் நிலைமை வேறு. செல்லுபடியாகும் உரிமம் இல்லாதவர் ஓட்டியிருந்தாலும், நிறுவனம் முதலில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற வழக்கத்தை 2004ஆம் ஆண்டின் ஸ்வரண் சிங் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ, போதையில் ஓட்டியதையும் நிறுவனம் எழுப்பக்கூடிய எதிர்வாதங்களில் சேர்த்துவிட்டது.

இதற்கான கட்டணமும் காரின் விலையைப் பார்ப்பதில்லை. 2022 சூன் முதல் 1,500 சிசிக்கு மேற்பட்ட எந்தத் தனியார் காருக்கும் ஆண்டுக்கு 7,897 ரூபாய். 15 லட்ச ரூபாய்க் காருக்கும் 5 கோடி ரூபாய்க் காருக்கும் அதே தொகை.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியது காலக்கெடு. 1994இல் நீக்கப்பட்ட அந்தக் கெடுவை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மீட்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனு அளிக்க வேண்டும் என்பது சட்டம்.