யானையும் தலைப்பாகையும்

சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேப்பம்பூ, சோழனுக்கு ஆத்திப்பூ. மூவேந்தர் படைகளும் இவற்றைச் சூடியே களம் புகுந்தன. பகை வேந்தர் பலர் கூடிய போர்க்களத்திலே இது இன்னாருடைய படை என்று தெரியவேண்டும். அதற்காகவே இப்பூக்கள் என்று தொல்காப்பியர் புறத்திணையியலில் காரணமும் சொல்லிவைத்தார். இப்பகுதியை மாணவருக்குக் கற்பிக்கும்போதெல்லாம் இக்காலப் படைவீரனின் தொப்பியில் மின்னும் பித்தளைச் சின்னம் என் நினைவுக்கு வரும். பூ உலோகமாயிற்று, நோக்கம் மாறவில்லை.

நேயர்களே, அத்தகைய சின்னம் ஒன்றின் கதையை இன்று பார்ப்போம். இந்திய இராணுவத்தின் காலாட்படைகளுள் மிகப் பழையது மதராஸ் றெஜிமென்ற். அதன் இலச்சினையிலே ஒரு கேடயம், குறுக்காக வைத்த இரு வாள்கள், அவற்றுடன் ஒரு யானை. இந்த யானை எங்கிருந்து வந்தது?

றெஜிமென்ற் தன் பிறப்பாண்டாகக் கொள்வது 1758. பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்ட ஆண்டு அது. அதுவரை சிறுசிறு கூட்டங்களாக இருந்த உள்ளூர்ச் சிப்பாய்களை ஸ்ரிங்கர் லோறன்ஸ் என்ற தளபதியின் யோசனைப்படி கிழக்கிந்தியக் கம்பனி பற்றாலியன்களாக ஒழுங்குபடுத்தியது. அந்தச் சென்னைப் படை நம் நாட்டுக்கும் அந்நியமன்று. 1795இல் திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றியபோது சென்னைச் சிப்பாய்களும் உடன் வந்திருந்தனர்.

யானை வந்தது 1803ஆம் ஆண்டு செப்ரெம்பர் 23ஆந் திகதிப் போரிலே. இடம், இன்றைய மகாராஷ்டிர மாநிலத்திலுள்ள அசாயே என்னும் சிற்றூர். சிந்தியா, போன்ஸ்லே என்னும் மராத்தியத் தலைவர்களின் பெரும்படையை எதிர்த்து ஆதர் வெல்லெஸ்லி நின்றார். ஆற்றைக் கடக்கத் துறையே இல்லை என்றார்கள் வழிகாட்டிகள். இக்கரையில் ஓர் ஊரும் அதற்கு நேரே அக்கரையில் இன்னோர் ஊரும் இருக்கக் கண்ட வெல்லெஸ்லி, இடையே துறை ஒன்று இருந்தே தீரும் என்று ஊகித்துப் படையை நடத்தினார். ஊகம் பலித்தது. ஆனால் வெற்றிக்குக் கொடுத்த விலை பெரிது. களமிறங்கிய ஏறத்தாழ 4,500 பேரில் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் சென்னைப் படையின் சிப்பாய்கள். போரில் நின்ற ஆங்கிலப் பிரிவுகளுக்கும் சென்னைப் பிரிவுகளுக்கும் கவர்னர் ஜெனரல் கௌரவக் கொடிகள் அளித்தார். அசாயேயின் யானை அவ்வாறு பெற்ற விருது.

களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனுக்குப் பரணி பாடுவது நம் மரபு. இங்கோ புலவர் எவரும் பாடவில்லை. மாண்ட சிப்பாய்களின் பெயர்கள் மறைந்துபோக, யானை மட்டும் நிலைத்தது.

இனி, சின்னத்தின் மறுபக்கத்தைப் பார்ப்போம். அசாயே முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகவில்லை. அதே சென்னைப் படைக்கு ஒரு புதிய ஆணை வந்தது. அணிவகுப்பிலே நெற்றியில் சமயக்குறி இருத்தலாகாது, காதில் கடுக்கன் ஆகாது, தாடி மழிக்கப்படவேண்டும், மீசை ஒரே அளவாகக் கத்தரிக்கப்படவேண்டும். இவற்றோடு, ஐரோப்பியத் தொப்பியை ஒத்த புதுத் தலைப்பாகை ஒன்று. அதிலே தோலாற் செய்த ஒரு குஞ்சம். அது எந்த விலங்கின் தோலோ என்று இந்துவும் முஸ்லிமும் ஒருங்கே அஞ்சினர். மறுத்தவருக்குச் சவுக்கடி கிடைத்தது.

1806 யூலை 10ஆந் திகதி விடியுமுன் வேலூர்க் கோட்டையிலே சிப்பாய்கள் எழுந்தனர். ஆங்கிலப் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அக்கோட்டையில் திப்பு சுல்தானின் மக்கள் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். மைசூரின் புலிவரிக் கொடி கொத்தளத்தில் ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கிலெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்துவந்து எழுச்சியை அடக்கினார். அவரோடு வந்தது 19ஆம் இலகு குதிரைப்படை. அசாயேயில் சென்னைச் சிப்பாயோடு தோள்சேர்ந்து நின்று யானை விருதைப் பகிர்ந்துகொண்ட பிரிவு அதுவே! சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பின்னர் ஆணை மீட்கப்பட்டது. ஆளுநர் பென்டிங்கும் தளபதி கிறடொக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

ஒரே படை, மூன்றாண்டு இடைவெளி, இரண்டு சின்னங்கள். யானையை அது உவந்து ஏற்றது. தோற்குஞ்சத்தை உயிர்கொடுத்து மறுத்தது. யானை அவனது வீரத்தோடு ஒன்றைச் சேர்த்தது. குஞ்சமோ அவனது நெற்றியிலும் காதிலும் இருந்தவற்றைப் பறித்துக்கொண்டு வந்தது. வேறுபாடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிற்கால வரலாறு இன்னொரு விதமான பறிப்பைக் காட்டுகிறது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய றொபேட்ஸ் பிரபு, தென்னாட்டவர் போர்க்குணம் இழந்துவிட்டனர் என்ற கருத்தினர். 'வீர இனம்' என்ற கொள்கை வலுத்து, வடக்கத்தையவருக்கே படையில் முதலிடம் கிடைத்தது. 1922இல் உருவான 3ஆம் மதராஸ் றெஜிமென்ற்றின் நிரந்தரப் பற்றாலியன்கள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே சிக்கனத்தின் பெயரால் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர் வந்ததும் அதே தென்னாட்டவர் மீண்டும் வேண்டியவராயினர். றெஜிமென்ற் மறுபடி எழுந்து பர்மாவிலே போரிட்டது. விடுதலைக்குப் பின் திருவிதாங்கூர், கொச்சி, மைசூர் அரசுகளின் படைகளும் அதில் இணைந்தன. புலிவரிக் கொடியின் நாட்டார் யானையின் கீழ் வந்தனர்.

இன்று அதன் தலைமை நிலையம் நீலகிரியிலுள்ள வெலிங்டன். அசாயேயின் வெல்லெஸ்லிதான் பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆனவர். ஊர் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் றெஜிமென்ற்றின் குறிக்கோள் வாசகம் பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டது. தன் தர்மத்தில் நின்று மாய்வதே மேல் என்பது அதன் கருத்து. வேலூரில் நெற்றிக்குறியை அழிக்க மறுத்து அடிபட்ட சிப்பாய் சொல்லியிருக்கக்கூடியதும் இதுதானே! அன்று தண்டனைக்குரியதாக இருந்தது இன்று இலச்சினைக்கு உரியதாயிற்று.

நாம் மறக்கக்கூடாத ஒன்றும் உண்டு. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதி காக்கும் படையுடன் இந்த யானைச் சின்னமும் மீண்டும் இலங்கைக்கு வந்தது. தமிழ் பேசும் சிப்பாய்களும் அதை அணிந்திருந்தனர். அமைதிக்கென வந்த படை 1987 ஒக்ரோபரில் போரில் இறங்கியதையும், பொதுமக்கள் பலர் உயிரிழந்ததையும் நம்மவர் அறிவர். அணிந்தவனுக்கு யானை முன்னோர் ஈட்டிய புகழ். வீட்டு வாசலில் அதைக் கண்டவனுக்கு அது வேறு.

படை இது யாருடையது என்பதைப் பூச் சொல்லும் என்றார் தொல்காப்பியர். அந்தப் படை என்ன செய்தது என்பதைப் பூவிடம் கேட்க முடியாது. வரலாற்றிடந்தான் கேட்கவேண்டும், அதுவும் அணிந்தவன், கண்டவன் ஆகிய இருவர் பக்கமும் நின்று கேட்கவேண்டும்.