ஃபூரியர் தொடரும் திணிப்பு அதிர்வுகளும்

அலைவுறும் அமைப்பின் மீது காலமுறை விசை செயல்படும்போது அதன் வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க ஃபூரியர் தொடர் பயன்படுகிறது. விசையைச் சைன், கொசைன் உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய அலைவைத் தனித்தனியே கண்டு கூட்டுவதே முறை. விசையின் அதிர்வெண் அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணிலிருந்து வெகுவாக விலகியிருந்தாலும் ஒத்ததிர்வு எழக்கூடும் என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

வரலாறு

பிரான்சைச் சேர்ந்த ஜோசப் ஃபூரியர் திடப்பொருள்களில் வெப்பம் பரவுவதை ஆராய்ந்தபோது இத்தொடரைக் கையாண்டார். 1807-இல் பாரிசில் அவர் அளித்த ஆய்வுரையை லக்ராஞ்சு ஏற்கவில்லை. ஃபூரியரின் வெப்பக் கோட்பாட்டு நூல் 1822-இல் வெளிவந்தது. தொடர் குவிவதற்குப் போதுமான நிபந்தனைகளை 1829-இல் டிரிச்லே நிறுவினார்.

முறை

சுருள்வில்லில் இணைத்த நிறையின் சமன்பாட்டில் மூன்று உறுப்புகளின் கூடுதல் புறவிசைக்குச் சமம்: நிறை × முடுக்கம், தடைக் கெழு × திசைவேகம், சுருள்மாறிலி × இடப்பெயர்ச்சி. இச்சமன்பாடு நேரியல் என்பதால் மேற்பொருந்துதல் தத்துவம் பொருந்தும். தொடரின் ஒவ்வொரு சைன், கொசைன் உறுப்பும் சீரிசை எனப்படும்; ஒரு சீரிசையின் விளைவு மற்றொன்றின் விளைவைப் பாதிக்காது.

முதலில் ஓர் அலைவு நேரத்துக்குத் தொகையிட்டு விசையின் ஃபூரியர் கெழுக்களைக் காண வேண்டும். பின்னர் ஒவ்வொரு சீரிசையின் விசை வீச்சையும் கீழ்க்காணும் அளவால் வகுத்தால் இடப்பெயர்ச்சியின் வீச்சு கிடைக்கும்:

√[(சுருள்மாறிலி − நிறை × கோண அதிர்வெண்²)² + (தடைக் கெழு × கோண அதிர்வெண்)²]

எடுத்துக்காட்டு

நிறை 1 கிலோகிராம், சுருள்மாறிலி மீட்டருக்கு 10 நியூட்டன், தடைக் கெழு 0.1 அலகு என்க. இயல்புக் கோண அதிர்வெண் √10, அதாவது விநாடிக்குச் சுமார் 3.16 ரேடியன். அரை அலைவு நேரத்துக்கு +1 நியூட்டனாகவும் அடுத்த அரைக்கு −1 நியூட்டனாகவும் மாறும் சதுர அலை விசை இதன்மீது செயல்படுகிறது. அதன் அலைவு நேரம் 2π விநாடி. இவ்விசையில் கோண அதிர்வெண் 1, 3, 5, 7… கொண்ட சைன் உறுப்புகளே உள்ளன. அவற்றின் வீச்சுகள் 4/π-ஐ அதே எண்களால் வகுத்தால் வருபவை.

முதல் சீரிசை: விசை 1.273 நியூட்டன், வகுக்கும் அளவு 9.00, அலைவு வீச்சு 14.1 செ.மீ.
மூன்றாம் சீரிசை: விசை 0.424 நியூட்டன், வகுக்கும் அளவு 1.04, அலைவு வீச்சு 40.7 செ.மீ.
ஐந்தாம் சீரிசை: விசை 0.255 நியூட்டன், வகுக்கும் அளவு 15.0, அலைவு வீச்சு 1.7 செ.மீ.

விசையில் முதல் சீரிசையின் மூன்றிலொரு பங்கே உள்ள மூன்றாம் சீரிசை, அலைவில் முதலிடம் பெறுகிறது. அதன் அதிர்வெண் இயல்பு அதிர்வெண்ணை நெருங்கியிருப்பதே காரணம். ஆகவே விசை ஒரு சுற்று முடிப்பதற்குள் நிறை ஏறத்தாழ மூன்று முறை ஊசலாடும். தொடக்க நிலையைப் பொறுத்து எழும் தற்காலிக அலைவு தடையால் தேய்ந்துவிட, இந்த நிலைத்த அலைவே எஞ்சும்.

குவிதலும் வரம்பும்

சதுர அலை திடீரென மாறும் இடங்களில் அதன் ஃபூரியர் தொடரின் பகுதிக் கூடுதல்கள், தாவலின் அளவில் சுமார் 9 விழுக்காடு மிகைத்துச் செல்லும். இதைக் கிப்ஸ் நிகழ்வு என்பர். இடப்பெயர்ச்சித் தொடரில் இச்சிக்கல் இல்லை. உயர் சீரிசைகளின் கெழுக்கள் சீரிசை எண்ணின் கனத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால் சில உறுப்புகளே போதும்.

தடை அறவே இல்லாமல் ஒரு சீரிசை இயல்பு அதிர்வெண்ணோடு சரியாகப் பொருந்தினால், அவ்வுறுப்பின் வீச்சு காலத்தோடு வளர்ந்துகொண்டே போகும். சுருள்வில் நேரியல் விதிக்குக் கட்டுப்படாதபோது மேற்பொருந்துதல் செல்லாது. அப்போது இம்முறையை நேரடியாகக் கையாள முடியாது.

பயன்பாடு

டீசல் என்ஜினின் சிலிண்டர்கள் வணரித்தண்டுக்கு அளிக்கும் முறுக்குவிசை சீரான சைன் அலையன்று. அதன் சீரிசைகளில் எது, எந்தச் சுழல்வேகத்தில் தண்டின் இயல்பு அதிர்வெண்ணைத் தொடும் என்று கணக்கிட்டே ஆபத்தான வேகங்களைக் குறிக்கின்றனர். 50 ஹெர்ட்ஸ் மின்வலையமைப்பில் தோன்றும் 150, 250 ஹெர்ட்ஸ் சீரிசைகள் மின்தேக்கிகளோடு ஒத்ததிர்வதைத் தவிர்க்கவும் இதே கணக்கீடு உதவுகிறது.