ரோதைமுனிக்கு எந்த மூலை?

எங்கள் தோட்டங்களில் இப்போது கோயில் வேலை நடக்காத டிவிசனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தகரக் கூரை போட்ட பழைய மாரியம்மன் கோயிலை இறக்கிவிட்டுக் கோபுரம் வைக்கிறோம். கும்பாபிஷேக நோட்டீஸில் “ஆகம விதிப்படி, பழமை மாறாமல்” என்று போடுகிறோம். அட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போனால் தேயிலைக்கு நடுவே புதுப் பெயின்ட் அடித்த கோபுரங்கள் எட்டிப் பார்க்கும். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எந்தப் பழமை அது?

பழைய ஆகமக் கோயிலைப் பார்க்க நாங்கள் இந்தியா போக வேண்டியதில்லை. பொலன்னறுவையில் வானவன்மாதேவி ஈச்சரம் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் சோழர் கட்டியது, முழுக்கக் கல், அளவில் சின்னது. வெளிச்சத்திலிருந்து உள்ளே போகப் போக இடம் ஒடுங்கும், வெளிச்சம் குறையும், கடைசியில் ஜன்னலே இல்லாத ஒரு சதுர அறை. அதனால்தான் அதற்குக் கருவறை என்று பேர். கண் இருட்டுக்குப் பழக எடுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மனசும் அடங்கிப் போகிறது. பக்தி இல்லாதவர்களும் அங்கே குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அந்த அறைக்கு மேலேதான் விமானம் எழும். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலிலும் உயரமானது கருவறை விமானம்தான், வாசல் கோபுரம் இல்லை. வாசல் கோபுரங்கள் வானளவு வளர்ந்ததெல்லாம் பிற்காலப் பாண்டியர், விஜயநகர, நாயக்கர் காலத்தில். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் முடிந்ததே 1987இல். ஆக, நாங்கள் சிமெந்தில் கட்டுவது அந்தப் பிற்காலத்து வாசலைத்தான்.

இதைச் சொல்வதால் கோபுர ஆசையைக் கேலி செய்கிறோம் என்று நினைக்க வேண்டாம். கோப்பிக் காலத்தில் எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். அந்தப் பாதையில் வளர்ந்த மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது. இன்று அங்கே 108 அடி ராஜகோபுரம் நிற்கிறது. 1948இல் குடியுரிமை போய், 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு சனம் நாங்கள். லயத்துக்கு உறுதிப்பத்திரம் கிடையாது. சம்பளத்தில் காசு பிடிச்சு நாங்களே கட்டிய ஒரே கட்டடம் கோயில்தான். அது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்ற ஆசையில் என்ன தப்பு?

ஆனால் மலைக்கென்று ஒரு சாமிக் கூட்டம் இருக்கிறது. கவ்வாத்துச்சாமி, ரோதைமுனி. இந்தச் சாமிகள் எந்த ஆகமத்திலும் இல்லை, ராமநாதபுரத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ வந்ததும் இல்லை. இங்கே, வேலையில் பிறந்தவை. சில வருசத்துக்கு ஒரு தடவை தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவார்கள். கத்தி கொஞ்சம் தவறினால் வெட்டு காலில். அதனால் மலையில் முதல் வெட்டு வைக்கிறதுக்கு முந்தி, ஒரு கல்லுக்குச் சந்தனம் பூசி, சேவல் அறுத்து, கவ்வாத்துச்சாமியைக் கும்பிடுவார்கள். ரோதை என்றால் சக்கரம். போர்த்துக்கேயச் சொல், எங்கள் வாய்க்கு வந்தது. பெக்டரியில் சுற்றும் ரோதை கையை இழுத்துவிடாமல் காக்கிறவர் ரோதைமுனி. ஆங்கிலேயன் கொண்டு வந்த மெஷினுக்கு எங்கள் ஆட்கள் ஒரு முனியைக் காவல் வைத்திருக்கிறார்கள்!

கருவறையை நோக்கி நாம் நடந்து போக வேண்டும். இந்தச் சாமிகளோ நாம் பயப்படுகிற இடத்துக்கே வந்து உட்கார்ந்திருக்கின்றன. மரம்தான் கூரை, மலைதான் மண்டபம். இதையும் ஒரு கட்டடக்கலை என்றுதான் நாங்கள் சொல்வோம்.

தப்பு அடிக்கிறவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்துவது பழைய தகரக் கோயிலிலும் நடந்ததுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மரத்தடியில் வாசலே இல்லை. புதுக் கோயிலில் மதில், மணிமண்டபம், உள் வாசல் என்று ஒவ்வொன்றாக ஏற, வெளியே நிற்கிற தூரமும் கூடுகிறது.

எங்களில் ஒருவருடைய டிவிசனில் போன வருசம் கோயில் பிளானைப் பார்த்தோம். பிள்ளையார், முருகன், நவக்கிரகம், வசந்த மண்டபம் எல்லாம் இருந்தது. “ரோதைமுனிக்கு எந்த மூலைங்க ஐயா?” என்று கமிட்டிப் பெரியவரிடம் கேட்டோம்.

“அது பெக்டரியோட போச்சு தம்பி,” என்றார்.

பெக்டரி மூடிப் பல வருசம் ஆகிறது. கூரை இல்லை, மெஷினைக் கழற்றி விற்றுவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் உள்ளே எட்டிப் பார்த்தோம். சுவர் ஓரத்தில் அந்தக் கல் அப்படியே இருந்தது. முன்னால் கற்பூரம் எரிந்த கரி, பக்கத்தில் வாடாத செவ்வந்திப் பூ ஒன்று.