தண்ணிப் பைப்பைத் திறக்க விட்ட பள்ளிக்கூடம்

சாதாரண தர விஞ்ஞானம் படித்தவர்களுக்கு அந்தப் படம் ஞாபகம் இருக்கும். ஒரு தகரப்பேணி, பக்கத்தில் மேலிருந்து கீழாக மூன்று துளைகள், அடித்துளையால் தண்ணீர் ஆகத் தூரம் பாயும். ஆழம் கூட அமுக்கம் கூடும், அவ்வளவுதான் பாடம். ஆனால் பேணியை நிரப்பித் தரையில் வைத்துப் பாருங்கோ. அடித்துளைத் தண்ணி வேகமாக வந்தாலும் அதற்கு விழ உயரம் இல்லை, சட்டென்று நிலத்தில் பட்டுவிடும். ஆகத் தூரம் போவது நடுத்துளைத் தண்ணி. முற்றத்தில் நனைந்த பிள்ளைக்கு இது தெரியும், கொப்பியில் படம் கீறிய பிள்ளைக்குத் தெரியாது.

நனைய விட்டே படிப்பிக்கலாம் என்று துணிந்த ஒரு பள்ளிக்கூடம் 1924இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கியது. பெயர் மோல்டிங் ஹவுஸ். காசு போட்டவர் ஜெப்ரி பைக், நடத்தியவர் சூசன் ஐசக்ஸ். முதலில் வந்தது 10 பொடியன்கள், எல்லாரும் ஐந்து வயதுக்குக் கீழே. தோட்டத்தில் மணற்குழி, அதற்குப் பக்கத்தில் தண்ணிப் பைப். ஊஞ்சற்பலகையின் அடியில் கழற்றிக் கொழுவக்கூடிய எடைகள். பிள்ளை ஏதாவது கேட்டால் ஐசக்ஸ் உடனே பதில் சொல்லமாட்டார். ‘செய்து பார்ப்பமே’ என்கிற மாதிரித்தான் இருக்கும். பெரியவர்களின் முக்கிய வேலை, பிள்ளைகள் சொல்வதையும் செய்வதையும் எழுதி வைப்பது.

மணலும் தண்ணியும் சேர்ந்தால் பௌதிகவியல் தானாக வரும். மணலால் அணை கட்டித் தண்ணியை விட்டால் அது அடியால் கசிந்து உடையும். இரண்டு தரம் உடைந்த பிறகு பிள்ளை அடிப்பக்கத்தை அகலமாகக் கட்டத் தொடங்கும். (எங்கட குளக்கட்டுகளின் அடி அகலத்துக்கும் இது ஒரு காரணம்.) அமுக்கம் என்ற சொல் அந்தப் பிள்ளைக்கு எப்பவாவது பிறகு வரட்டும்.

1927இல் இந்தத் தோட்டத்துக்கு வந்த ஒருவர் ஜீன் பியாஜே. அதே ஆண்டுதான் பிள்ளைகளின் காரண அறிவு பற்றிய அவரது புத்தகம் வந்தது. படகு ஏன் மிதக்கிறது, கல்லைப் போட்டால் தண்ணி ஏன் உயருகிறது என்று அவர் பிள்ளைகளிடம் கேட்டிருந்தார். சின்னப் பிள்ளைகள், கல் பாரம் என்பதால் தண்ணி உயருகிறது என்றார்கள். பிடிக்கும் இடத்தின் அளவு அவர்கள் கணக்கில் வரவில்லை. ஆகவே இன்ன வயதுக்கு முன் இயந்திரக் காரணம் பிள்ளைக்குப் பிடிபடாது என்பது பியாஜேயின் முடிவு. ஐசக்ஸ் இதை ஏற்கவில்லை. சைக்கிள் எப்படி ஓடுகிறது என்பதை எட்டு, ஒன்பது வயதுக்கு முன் விளங்கப்படுத்த முடியாது என்று பியாஜே சொன்ன நேரம், மூன்று சில்லுச் சைக்கிளில் இருந்த ஐந்து வயதுப் பொடியனிடம் ஐசக்ஸ் கேட்டார். அவன் மிதிப்பான், பற்சில்லு, சங்கிலி, சில்லு என்று ஒழுங்காகச் சொல்லி முடித்தான்! 1930இல் வந்த தன் புத்தகத்தில் ஐசக்ஸ் இந்த வாதத்தை விரித்து எழுதினார். கையில் இல்லாத பொருளைப் பற்றிக் கேட்டால் பிள்ளை தடுமாறும், தான் புழங்கும் பொருளைப் பற்றி நன்றாகவே யோசிக்கும் என்பது அவர் கட்சி. இந்த விஷயத்தில் நாங்கள் ஐசக்ஸின் பக்கம். பரீட்சைக் கேள்விக்கு முழிக்கும் பிள்ளையை ‘மண்டையில ஒண்டும் இல்லை’ என்று சொல்லி வளர்த்த ஊர்க்காரர் நாங்கள்.

ஆனாலும் இந்தத் தோட்டத்தைக் கோயிலாக்கத் தேவையில்லை. அங்கே விளையாடியவர்களில் பலர் பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் பிள்ளைகள். லண்டனின் வறிய டெப்ட்பர்டில் மார்கரட் மக்மிலன் 1914இலேயே திறந்தவெளிப் பாலர் பள்ளி நடத்தினார். அங்கே தண்ணி முதலில் தேவைப்பட்டது பிள்ளைகளைக் குளிப்பாட்ட. பைக்கின் காசும் நிலைக்கவில்லை. உலோகச் சந்தையில் சூதாடித் தோற்றார், 1929இல் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. ஐசக்ஸ் அதற்கு முன்பே வெளியேறியிருந்தார்.

பிறகு நடந்ததுதான் எங்களுக்குக் கூடப் பிடித்தது. ‘தண்ணிக்குள்ள நிக்காதை, தடிமன் பிடிக்கும்’ என்று பிள்ளையை இழுக்கும் அம்மாக்கள் எல்லா ஊரிலும் இருக்கினம் தானே. ஐசக்ஸ் 1929இலிருந்து ‘உர்சுலா வைஸ்’ என்ற புனைபெயரில் ‘நர்சரி வேர்ல்ட்’ சஞ்சிகையில், பிள்ளை வளர்ப்பவர்களின் கடிதங்களுக்கு வருடக்கணக்காகப் பதில் எழுதினார். 1933இல் லண்டன் கல்வி நிறுவகத்தில் குழந்தை வளர்ச்சித் துறைக்குத் தலைவரானார். அங்கே அவரிடம் படிக்க வந்தவர்கள், ஏற்கெனவே வகுப்புகளில் நின்று களைத்த ஆசிரியர்கள்.