அரை மைல் ரயில்

என் தகப்பனாருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் லண்டனிலிருந்து சேதி வந்தாக வேண்டும். ஒன்பதேகால் மணிக்குச் சிற்றலையில் பி.பி.சி. தமிழோசை கரகரவென்று வரும். அது முடிகிற வரையில் அடுக்களையில் பாத்திரம் உருளக் கூடாது. "ஆல்ட்விச்சிலே புஷ் ஹவுஸ் என்று ஒரு கட்டடம், அங்கேயிருந்துதான் பேசுகிறார்கள்" என்பார், ஏதோ நேற்றுப் போய்விட்டு வந்தவர் மாதிரி. அந்தக் கட்டடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், பூமிக்கு அடியில், ஒரு குட்டி ரயில் பாதிக்கு மேல் காலியாகப் போய் வந்துகொண்டிருந்த விஷயம் அவருக்குத் தெரியாது. எனக்கும் பிற்பாடுதான் தெரிந்தது.

ஹோல்பர்ன் ஸ்டேஷனிலிருந்து ஆல்ட்விச் ஸ்டேஷன் வரை. மறுபடி ஆல்ட்விச்சிலிருந்து ஹோல்பர்ன் வரை. அவ்வளவுதான் அந்த ரயிலின் உலகம். தூரம் அரை மைல்கூட இல்லை. இதற்கு எதற்கு ஒரு ரயில் என்று நீங்கள் கேட்பீர்கள். லண்டன்காரர்களும் அதையேதான் கேட்டார்கள்.

அது பிறந்தது ஒரு கல்யாணத்தினால். வடக்கே உட் கிரீனிலிருந்து ஸ்ட்ராண்ட் வீதி வரை சுரங்கப்பாதை போட ஒரு கம்பெனி திட்டமிட்டது. பிராம்ப்டனிலிருந்து பிக்காடில்லி சர்க்கஸ் வரை போட இன்னொரு கம்பெனி. அமெரிக்கப் பணக்காரர் சார்லஸ் யெர்கீஸ் இரண்டையும் வாங்கி, பிக்காடில்லிக்கும் ஹோல்பர்னுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார். வடக்கேயிருந்து வந்த ரயில்களெல்லாம் ஹோல்பர்னில் மேற்கே திரும்பிவிட்டன. ஸ்ட்ராண்டுக்குப் போகவேண்டிய மிச்சத் துண்டு அப்படியே தொங்கிற்று. அனுமதிதான் வாங்கியாயிற்றே, அதையும் வெட்டி வைத்தார்கள். ராயல் ஸ்ட்ராண்ட் நாடகக் கொட்டகையை இடித்த இடத்தில் ஸ்டேஷன் எழும்பி, 1907-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ரயில் ஓடிற்று. யெர்கீஸ் அதைப் பார்க்கவில்லை, 1905-லேயே காலமாகிவிட்டார்.

கூட்டம் வரும் என்று மூன்று கிணறுகள் தோண்டினார்கள், ஆறு லிப்டுகளுக்கு. வைத்தது இரண்டு லிப்டுதான். நாடகம் பார்த்துத் திரும்புகிறவர்களுக்காக இரவில் விட்ட தனி ரயில் அடுத்த வருஷமே நின்றது. 1914-ல் இரண்டு சுரங்கங்களில் ஒன்றை மூடினார்கள். 1915-ல் ஸ்ட்ராண்ட் என்ற பெயரையும் வேறு ஸ்டேஷனுக்குக் கொடுத்துவிட்டு, இதற்கு ஆல்ட்விச் என்று பெயர் வைத்தார்கள். 1922-ல் டிக்கெட் விற்கிற அறையை மூடி, லிப்டுக்குள்ளேயே டிக்கெட் கொடுத்தார்கள்.

ஆனால் ஊருக்கு ஆபத்து வந்தபோது இந்த வேண்டாத பிள்ளையைத்தான் தேடி வந்தார்கள். முதல் யுத்தத்தில் நேஷனல் காலரியின் சித்திரங்கள் மூடிய சுரங்கத்தில் வந்து இறங்கின. இரண்டாவது யுத்தத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தின் பார்த்தினான் சிற்பங்களே வந்தன. (அவை கிரேக்க தேசத்தை விட்டு லண்டனுக்கு வந்தது வேறொரு வழக்கு.) அப்புறம் மனிதர்கள். குண்டு விழுகிறதென்று சுரங்க ஸ்டேஷன்களில் ஜனங்கள் ஒதுங்குவதை முதலில் சர்க்கார் விரும்பவில்லை. ஒருமுறை இறங்கினால் மேலே வரமாட்டார்களோ என்று பயம். ஜனங்கள் ஒரு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு இறங்கி, உட்கார்ந்தே விட்டார்கள். கடைசியில் சர்க்கார்தான் இறங்கி வர வேண்டியதாயிற்று. 1940 செப்டம்பர் 22-ந் தேதி ஆல்ட்விச்சில் ரயிலை நிறுத்தினார்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிளாட்பாரத்தில் மட்டுமல்ல, தண்டவாளத்துக்கு நடுவிலும் படுக்கை விரித்துக் குடும்பம் குடும்பமாய்த் தூங்கினார்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்த்தால் கல்யாண வீட்டுக் கூடத்தில் விடிய விடியப் படுத்திருக்கும் உறவுக்காரர்கள் ஞாபகம் எனக்கு வருகிறது.

1946 ஜூலையில் ரயில் மறுபடி ஓடிற்று. தேம்ஸ் நதிக்கு அடியில் வாட்டர்லூ வரை நீட்டினால் பிழைத்துக்கொள்ளும் என்று எத்தனையோ முறை பேசினார்கள். 1965-ல் பார்லிமெண்டின் அனுமதிகூடக் கிடைத்தது. ஒரு கெஜமும் வெட்டவில்லை. அதற்கு முன்பே, 1962-ல், காலை மாலை நெரிசல் வேளைக்கு மட்டும் ரயில் என்று குறைத்தாயிற்று. அப்புறம் ஆள் ஏறவில்லை என்று குறை! போக இடம் கொடுக்காமல், ஓட நேரமும் கொடுக்காமல், ஏன் சம்பாதிக்கவில்லை என்று கேட்கிற மாமியார் நியாயம் இது.

முடித்துவைத்தவை அந்த 1907-ம் வருஷத்து லிப்டுகள்தாம். மாற்ற முப்பது லட்சம் பவுண்டு ஆகும் என்றார்கள். தினம் ஏறியவர்கள் சுமார் 450 பேர். தலைக்கு ஆறாயிரத்து அறுநூறு பவுண்டுக்கு மேல் வருகிறது. அந்தக் கணக்கை என்னால் மறுக்க முடியவில்லை. முந்திய கணக்குகளோடுதான் எனக்குச் சண்டை. 1994 செப்டம்பர் 30-ந் தேதி கடைசி ரயில் போயிற்று.

இப்போது அங்கே சினிமாப் படம் பிடிக்கிறார்கள். கொட்டகையை இடித்த பாவம் விடவில்லை போலும். சில வருஷங்களுக்கு முன் நான் லண்டன் போயிருந்தபோது தேடிப் போய் நின்றேன். முகப்புச் சிவப்பு ஓட்டில், 1915-லேயே பறித்துவிட்ட ஸ்ட்ராண்ட் என்ற பெயர்தான் இருக்கிறது. கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் புஷ் ஹவுஸிலும் தமிழ்க் குரல் இல்லை, 2012-ல் பி.பி.சி. அதைக் காலி செய்துவிட்டது. தகப்பனார் இருந்திருந்தால் எழுதிப் போட்டிருப்பேன். ஹோல்பர்னுக்கு நடந்தே திரும்பினேன். பத்து நிமிஷம் ஆயிற்று.