யூக்கொன் ஆற்றங்கரையில் இரு குடியிருப்புக்கள்

ஓர் ஊரின் உயர்வு தாழ்வை அறிய விரும்புவோர் முதலில் அதன் குடிசனத் தொகையைக் கேட்பர். தொகை பெருகினால் ஊர் வளர்ந்ததென்றும், குறைந்தால் தேய்ந்ததென்றும் முடிவு செய்வர். இவ்வளவுகோல் பெரும்பாலும் பொருந்துவதே. ஆயினும், அத்தொகை யாருடையது, அவர்கள் வருமுன் அங்கு வாழ்ந்தோர் யாவர் என்ற வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும். இல்லையேல் ஊரின் கதையிற் பாதி மறைந்துவிடும். கனடா நாட்டின் வடமேற்கு மூலையில், யூக்கொன் ஆற்றங்கரையில் உள்ள டோசன் நகரமும், அதற்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் கீழே அதே கரையில் உள்ள மூஸ்ஹைட் என்னும் சிறு குடியிருப்பும் இவ்வுண்மைக்குச் சான்றாவன.

யூக்கொன் ஆறு மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் பேரிங் கடலிற் கலப்பது. டோசன் பகுதியில் அது ஆண்டிற் பாதிக்காலம் உறைந்து கிடக்கும். மே மாதமளவிற் பனிக்கட்டி உடைந்து மீண்டும் ஓடத் தொடங்கும். இப்பேராற்றோடு கிழக்கிலிருந்து வரும் ஒரு சிற்றாறு சேருமிடத்தில், துரொச்செக் என்னும் மீன்பிடித்தளம் பன்னெடுங்காலமாக இருந்து வந்தது. அங்கு வாழ்ந்தோர் ஹான் மொழி பேசிய துரொண்டெக் ஹுவெச்சின் மக்களாவர். கோடை தோறும் கடலிலிருந்து ஈராயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஆற்றை எதிர்த்து ஏறிவரும் சால்மன் மீனே அவர்தம் வாழ்வின் அடிப்படை. ஆற்றில் மரக்கழிகளைக் கல்லால் அடித்து நாட்டி, அவற்றை அடைப்பாக அமைத்து மீனைப் பிடிப்பர். உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமிப்பர். இவ்வாறு கழிகளை அறைந்து நாட்டியமையாற் சிற்றாற்றுக்குச் ‘சம்மட்டி நீர்’ என்னும் பொருள்பட ‘துரொண்டெக்’ என்று பெயர் வழங்கினர். அப்பெயரை உச்சரிக்க இயலாத வெள்ளையர் வாயில் அது ‘குளொண்டைக்’ எனத் திரிந்தது. உலகம் முழுவதும் பொன்னின் பெயராகப் பின்னர் அறிந்துகொண்ட அச்சொல், உண்மையில் மீன்பிடியின் பெயரேயாகும்.

1896 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 16 ஆம் நாள், குளொண்டைக் ஆற்றின் கிளையோடை ஒன்றிற் பொன் கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்த குழுவில் தாகிஷ் இனத்தவரான கீஷ் என்பவரும், அவர் சகோதரியின் கணவரான ஜோர்ஜ் கார்மாக்கும் இருந்தனர். சில நாட்களுள் ஜோசப் லடூ என்னும் வணிகர் ஆற்றுச் சந்தியின் வடபாலிருந்த சதுப்பு நிலத்தைத் தம் பெயரிற் பதிந்து, மனைகளாகப் பிரித்து விற்கலானார். 1887 இல் அப்பகுதியை ஆராய்ந்த புவிச்சரிதவியல் அறிஞர் ஜோர்ஜ் டோசனின் பெயர் அவ்வூருக்கு இடப்பட்டது.

1897 ஆம் ஆண்டு யூலை மாதத்திற் பொன் ஏற்றிய கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவையும் சியாற்றிலையும் அடைந்தன. செய்தி பரவியதும், ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் வடதிசை நோக்கிப் புறப்பட்டனர் என்பர். ஓராண்டுக்கு வேண்டிய உணவு இல்லாதவரை எல்லைக்குள் விடலாகாதெனக் கனடாப் பொலிசார் விதி செய்தனர். ஆதலால் ஒவ்வொருவரும் ஒரு தொன்னளவு பொருளைப் பனிமூடிய கணவாய்களின் வழியே பல தடவை சுமந்தேற வேண்டியதாயிற்று. 1898 ஆம் ஆண்டுக் கோடையில் டோசனில் ஏறக்குறைய 30,000 மக்கள் நெருங்கி நின்றனர். ஆனால், பொன் விளையும் ஓடைகள் யாவும் முன்னரே பிறர் உரிமையாகிவிட்டமையால், வந்தோரிற் பெரும்பாலார் வெறுங்கையராயினர்.

இத்திரளின் நடுவே துரொச்செக் மக்களின் நிலை யாதாயிற்று? அவர்தம் மீன்பிடித்தளத்திற் பொன்தேடுவோரின் குடிசைகள் எழுந்தன. காட்டு மரங்கள் வீட்டுக்கும் விறகுக்கும் வெட்டப்பட்டன. வேட்டை விலங்குகள் அருகின. மதுவும் புதிய நோய்களும் பரவின. அவர்தம் தலைவர் ஐசாக், தம் மக்கள் இந்நெருக்கடியில் அழிந்துபோதல் கூடும் என அஞ்சினார். பொலிசாரோடும் திருச்சபையாரோடும் பேசி, 1897 இல் அவர்களை மூஸ்ஹைட்டுக்கு அழைத்துச் சென்றார்.

அவர் செய்த மற்றொரு செயல் அதனினும் ஆழ்ந்த கருத்துடையது. தம் இனத்தின் பாடல்களும் ஆடல்களும் இப்புயலில் மறைந்துவிடலாம் எனக் கருதி, அவற்றை அலாஸ்காவில் வாழ்ந்த உறவினரிடம் கொண்டுசென்று கற்பித்து, பாதுகாத்து வைக்குமாறு ஒப்படைத்தார். பெருவெள்ளம் வருமுன் விதைநெல்லை மேட்டு நிலத்து உறவினர் வீட்டில் வைப்பது போன்றது அச்செயல்.

பொன்னால் வந்த கூட்டம் பொன்னாலேயே கலைந்தது. 1899 இல் அலாஸ்காவின் நோம் கடற்கரையிற் பொன் கிடைத்ததென்ற செய்தி வரவே, ஆயிரக்கணக்கானோர் ஒரே கோடையில் டோசனை விட்டு நீங்கினர். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் நகரின் தொகை 9,142; 1911 இல் 3,013; 1921 இல் 975. யூக்கொன் பிரதேசம் முழுவதின் தொகையும் அவ்விருபது ஆண்டுகளில் 27,219 இலிருந்து 4,157 ஆகச் சுருங்கியது. பெருங்கம்பனிகளின் வாரும் இயந்திரங்கள் பலர் செய்த வேலையைத் தாமே செய்தன. 1942 இல் அமைக்கப்பட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை டோசனைத் தொடாது வைற்ஹோஸ் வழியாகச் சென்றது. 1953 இற் பிரதேசத்தின் தலைநகரும் அங்கு மாற்றப்பட்டது. 1966 இல் இயந்திரங்களும் ஓய்ந்தன.

மூஸ்ஹைட்டின் வாழ்வும் இலகுவானதாக இருக்கவில்லை. 1908 இல் அங்கு தேவாலயம் எழுந்தது. சிறு பாடசாலையும் நடந்தது. ஐசாக் நகர விழாக்களுக்கு அழைக்கப்படுவார். அவ்விடங்களில், வந்தோர் பொன்னையும் வேட்டை விலங்கையும் எடுத்துக்கொண்டு தம் மக்களுக்கு எதனையும் விட்டுவைக்கவில்லை என்பதை அஞ்சாது எடுத்துரைப்பார். 1932 இல் அவர் காலமானார். பிள்ளைகள் பலர் தொலைவிலுள்ள விடுதிப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர்; அங்கு தாய்மொழியிற் பேசுதல் குற்றமாகக் கருதப்பட்டது. கல்வி கற்பித்தற்கென அமைந்த நிலையங்களே ஒரு மொழியின் வாயை அடைத்தமை வருந்தத்தக்கது. 1957 இல் மூஸ்ஹைட் பாடசாலை மூடப்பட்டதும், குடும்பங்கள் டோசனுக்குக் குடிபெயர்ந்தன. அறுபது ஆண்டுகளின் பின், முன்னோர் விலகிச் சென்ற ஆற்றுச் சந்திக்கே பேரர் திரும்பினர். ஆனால் இம்முறை பிறர் ஊரிற் சிறுபான்மையினராகவே வந்தனர்.

கதை அவ்வளவில் முடியவில்லை. 1973 இல் யூக்கொன் முதற்குடி மக்கள் தம் நிலவுரிமைக் கோரிக்கையை ஒட்டாவாவில் அரசாங்கத்திடம் கையளித்தனர். கால்நூற்றாண்டுப் பேச்சுவார்த்தையின் பின், 1998 இல் துரொண்டெக் ஹுவெச்சின் மக்கள் நிலவுரிமை உடன்படிக்கையில் ஒப்பமிட்டுத் தன்னாட்சியும் பெற்றனர். அதற்கு முன்னரே, அலாஸ்காவில் அடைக்கலம் வைக்கப்பட்ட பாடல்களைக் கற்று மீட்டுவரும் முயற்சி தொடங்கியிருந்தது. 1993 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை மூஸ்ஹைட்டிற் கூடும் பெருவிழாவில் அவை மீண்டும் ஒலிக்கலாயின. 2023 இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்த இடங்களுள் டோசன் மட்டுமன்றி, துரொச்செக்கும் மூஸ்ஹைட்டும் அடங்கின.

2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி டோசனின் தொகை 1,577. முப்பதினாயிரத்தோடு ஒப்பிடுவோர் இதனை வீழ்ச்சி எனக் கூறுவர். ஆனால் அம்முப்பதினாயிரம் பேரிற் பெரும்பாலார் ஆற்றைப் பாதையாகவே கண்டனர். அதனை வாழ்விடமாகக் கொண்டோர் மிகச் சிலர். இந்நாளில் அவ்வாற்றை அச்சுறுத்துவது மற்றொரு தொகையின் தேய்வு. சால்மன் இனத்திற் பெரிதான சினூக் மிகக் குறைந்துவிட்டமையால், கனடா நீரிற் பிறக்கும் அம்மீனைப் பிடித்தலை ஏழாண்டுக்கு நிறுத்திவைக்க 2024 இற் கனடாவும் அலாஸ்காவும் உடன்பட்டன. ஏழாண்டு என்பது அம்மீனின் ஒரு தலைமுறை. மீன்பிடியாற் பெயர்பெற்ற ஆற்றங்கரையில், பிள்ளைகளுக்கு வலை வீசக் கற்பிக்க வேண்டிய மூத்தோர் இக்காலத்திற் காத்திருக்கின்றனர். பாடல்களை ஒரு நூற்றாண்டளவு காத்து மீட்ட மக்களுக்குக் காத்திருத்தல் புதிதன்று.