கடவுச்சொல்லுக்குப் பிறகு என்ன? அமர்வு மாறியின் வரலாறு

பள்ளி இணையத்தளத்தில் மாணவரும் ஆசிரியரும் ஒரே பக்கத்தில்தான் உள்நுழைகிறார்கள். ஆனால் மதிப்பெண்ணைத் திருத்தும் உரிமை ஆசிரியருக்கு மட்டுமே. அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போனாலும் 'இவர் ஆசிரியர்' என்பதைத் தளம் எப்படி மறக்காமல் இருக்கிறது? வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம், வாங்க.

1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பு செயல்விளக்கம் கண்டது. கோர்பட்டோ குழுவினர் அதில் கடவுச்சொல்லைப் புகுத்தினார்கள். 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், கூடுதல் கணினி நேரத்துக்காக எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துக்கிட்டார்! அடுத்து வந்த மல்டிக்ஸ் அமைப்பு, எந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று தனித்தனியே வரையறுத்தது. அடையாளம் வேறு, உரிமை வேறு என்பது இங்கே தெளிவானது.

1991-இல் வையவிரிவு வலை பொதுமக்களுக்கு அறிமுகமானது. அதன் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு ஞாபகசக்தியே கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதுசுதான். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுலி 'குக்கி'யை உருவாக்கி இதற்கு வழி கண்டார். ஆனால் குக்கி இருப்பது பயனரின் உலாவியில். அதில் 'மாணவர்' என்று எழுதி வைத்தால், அவரே 'ஆசிரியர்' என்று மாற்றிவிடலாமே!

அதனால்தான் அமர்வு மாறி. கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவாங்க இல்லையா? அது மாதிரிதான். அணுகல் நிலை சர்வரிலேயே இருக்கும். உலாவியில் இருப்பது ஊகிக்க முடியாத ஓர் எண் மட்டும். 1996-இல் ஏ.எஸ்.பி.யும் 2000-இல் பி.எச்.பி. 4-உம் இந்த வசதியை உள்ளமைவாகவே தந்தன.

டோக்கன் திருடு போனால்? 2010-இல் வெளிவந்த ஃபயர்ஷீப் என்ற மென்பொருள், பொது வைஃபையில் பிறருடைய அமர்வை எவ்வளவு எளிதாகக் கைப்பற்றலாம் என்று காட்டியது. எச்.டி.டி.பி.எஸ். பரவலாக இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. உள்நுழையும்போது பதிந்த நிலை, வெளியேறும்வரை அப்படியே இருக்கும். இடையில் ஒருவரின் பொறுப்பு பறிக்கப்பட்டாலும் பழைய உரிமை தொடரும். ஆகவே, மதிப்பெண் திருத்தம் போன்ற முக்கியச் செயலுக்கு முன் தரவுத்தளத்தை மறுபடியும் பார்க்க வேண்டும்.

மாணவர்களே, தேர்வில் 'ஏன் அமர்வு மாறி?' என்று கேட்டால், 'தகவலைச் சேமிக்க' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீங்க. 'பயனர் கைவைக்க முடியாத இடத்தில் சேமிக்க' என்று எழுதுங்க. விடையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.